முந்தலில் பாதை அடைபட்டால்

ராசிங்காபுரத்தில் பொழுது விடிவதற்கு முன்பே ஜீப் வந்து நின்றுவிடும். போடியிலிருந்து தேவாரம் போகும் சாலையில் உள்ள ஊர் அது. மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டங்கள். இந்த ஊரிலிருந்தும் சிலமலை, தேவாரம், போடி என்று சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் தூக்குவாளியோடு ஏறும் பெண்கள், முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டைக் கடந்து, இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புகிறார்கள். மலைச்சாலையில் மண் சரிந்தாலோ பாறை உருண்டாலோ முந்தலிலேயே வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அன்று அம்மா மலைமேல். பிள்ளைகளும் சர்க்கரை மாத்திரை சாப்பிடும் பாட்டியும் கீழே.

அந்த ராத்திரிக்கு வீட்டில் என்ன இருக்கிறது? அரிசி எத்தனை நாளைக்கு வரும்? மின்சாரம் போனால் வெளிச்சம் எது? பாட்டியின் மாத்திரை எவ்வளவு மிச்சம்? அம்மா எந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறார் என்று பிள்ளைக்குத் தெரியுமா? திண்ணையில் உட்கார்ந்து இப்படிக் கேட்டுப் பாருங்கள். “அச்சாணியமாப் பேசாதீங்க” என்பார் ஒருவர். “வரும்போது பாத்துக்கிடலாம்” என்பார் இன்னொருவர். கேட்டதோடு நில்லாமல் நீங்களே ஒரு மூட்டை அரிசியும் டார்ச்சும் வாங்கி வைத்திருப்பது தெரிந்துவிட்டால், “உலகம் அழியப் போகுதுன்னு கனாக் கண்டீகளா?” என்று சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பு ஆபத்து வராது என்ற நம்பிக்கையில் எழுவதில்லை. மலையின் குணத்தை மலையடிவாரத்துக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது வேறு இடத்திலிருந்து வருகிறது. அந்த இடம் எது என்று மனவியல் ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தேடியிருக்கிறார்கள். அவர்கள் கண்டதைத் தெரிந்துகொண்டால் சிரித்தவரையும் கோபிக்கத் தோன்றாது, சிரிப்புக்கு ஆளானவரையும் கிறுக்கர் என்று நினைக்கத் தோன்றாது.

நம் மாநிலத்தில் இந்தக் கேலிக்கு நல்ல உதாரணம் வேளச்சேரியில் கிடைத்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் தென்பகுதிகளில் வாசலில் நின்ற கார்கள் மூழ்கின. அடுத்த ஆண்டு அக்டோபர் நடுவில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதி மக்கள் கார்களை மேம்பாலங்களில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். படங்கள் பரவின. காவல்துறை அபராதம் போடுகிறது என்று செய்தி கிளம்பி, அப்படி எதுவும் இல்லை என்று மறுப்பும் வந்தது. 15ஆம் தேதி நல்ல மழை பெய்தது. சிவப்பு எச்சரிக்கை விடப்பட்டிருந்த 16ஆம் தேதி, எதிர்பார்த்த அளவுக்குப் பெய்யவில்லை. உடனே மீம்கள் குவிந்தன. முந்தைய ஆண்டு பல லட்ச ரூபாய் பொருளைத் தண்ணீரில் இழந்தவர், ஒரு ராத்திரி காரை மேட்டில் நிறுத்தியதற்காகக் கேலிக்கு ஆளானார். நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது அதே பாலங்களில் மறுபடியும் கார்கள் நின்றன. அவர்கள் கேலியைப் பொருட்படுத்தவில்லை. அது எனக்குப் பெரிய நிம்மதி.

எச்சரிக்கை என்பது நிகழ்தகவைப் பற்றிய சொல். பத்தில் ஏழு வாய்ப்பு என்றால் மூன்று முறை தப்பத்தான் செய்யும். அந்த மூன்று முறையும் ஆயத்தமானவர் ஏமாந்தவராகத் தெரிவார். சிக்கல் அதோடு முடியவில்லை. ஆயத்தம் பலித்தாலும் அது கண்ணுக்குத் தெரியாது. 1999இல் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலில் சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013இல் பைலின் புயலுக்கு முன் ஏறக்குறைய பத்து லட்சம் பேரைக் கடற்கரையிலிருந்து அப்புறப்படுத்தினார்கள். இறப்பு சில பத்துகளோடு நின்றது. ஒரு பேரிடரில் செத்தவர்களை எண்ண முடியும். சாகாமல் காப்பாற்றப்பட்டவர்களை எண்ணிக் காட்ட யாராலும் முடியாது. ஆகவே ஆயத்தம் வெற்றி பெறும்போதெல்லாம் “ஒண்ணுமே நடக்கலையே, இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்” என்ற பேச்சு எழுகிறது. ஆயத்த முரண் என்று ஆய்வாளர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அடுத்தவர் முகத்தைப் பார்த்து ஆபத்தை அளக்கும் பழக்கம் இன்னும் ஆழமானது. 1968இல் பிப் லதானே, ஜான் டார்லி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர் ஒருவரை அறையில் உட்காரவைத்துப் படிவம் நிரப்பச் சொன்னார்கள். சுவரில் இருந்த துவாரம் வழியாகப் புகை மெல்ல உள்ளே வந்தது. தனியாக இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் எழுந்துபோய்ச் சொல்லிவிட்டார்கள். பிறகு அதே அறையில், புகையைப் பார்த்தும் தோளைக் குலுக்கிவிட்டு எழுதிக்கொண்டே இருக்கும்படி சொல்லிவைக்கப்பட்ட இரண்டு பேரைக் கூட உட்காரவைத்தார்கள். இப்போது எழுந்துபோய்ச் சொன்னவர்கள் நூற்றுக்கு 10 பேர்தான். மற்றவர்கள் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், கையால் புகையை விசிறினார்கள். படிவத்தை மட்டும் விடவில்லை. பின்னால் கேட்டபோது நீராவி என்று நினைத்தேன், ஏசியிலிருந்து வருகிறது என்று நினைத்தேன் என்றெல்லாம் விளக்கம் சொன்னார்கள். பக்கத்தில் இருப்பவர் சும்மா இருக்கிறார், ஆகவே இது ஆபத்து இல்லை என்று மனம் முதலில் முடிவு கட்டிவிடுகிறது. காரணத்தைப் பிறகு தேடிக்கொள்கிறது.

ஒரு தெருவில் நாற்பது வீடு இருந்து, முப்பத்தொன்பது வீட்டில் எந்த ஏற்பாடும் இல்லையென்றால், நாற்பதாவது வீட்டுக்காரர் அந்தச் சோதனை அறைக்குள் உட்கார்ந்திருப்பவர்தான். அவர் எழுந்தால் மற்றவர்களுக்குச் சங்கடம். அவர் செய்வது சரி என்றால் தாங்கள் செய்யாதது தவறாகிவிடும். சிரிப்பு அந்தச் சங்கடத்தைத் தீர்த்துவைக்கிறது.

நீல் வைன்ஸ்டீன் என்ற உளவியலாளர் 1980இல் மாணவர்களிடம், உங்களைப் போன்ற மற்றவர்களோடு ஒப்பிட்டால் உங்களுக்கு நோயோ விபத்தோ வரும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டார். பெரும்பாலோர் தமக்கு வாய்ப்பு குறைவு என்றே சொன்னார்கள். எல்லோருக்கும் சராசரியைவிடக் குறைவாக இருக்க முடியாது. போடி வட்டாரத்தில் இந்த மனக்கணக்குக்கு இயற்கையும் துணைபோகிறது. தென்மேற்குப் பருவமழை ஆனி, ஆடியில் இடுக்கிப் பக்கம் கொட்டும். மலைக்குக் கிழக்கே மழைமறைவு, காற்றும் சாரலும்தான். அடிவாரத்து வீட்டில் வானம் வெளுத்திருக்கும் அதே நேரத்தில் வேலைக்குப் போனவர்கள் மேலே அடைமழையில் நிற்கிறார்கள். நமக்குக் கனமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வரும். போடிமெட்டுச் சாலையின் தமிழகப் பக்கத்துச் சரிவுகளும் கொட்டகுடி ஆறும் பெரும்பாலும் அப்போதுதான் மிரட்டும். ஆக ஒரே குடும்பத்துக்கு இரண்டு ஆபத்துக் காலங்கள்; அவற்றில் ஒன்று வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரியாது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். நம் பாட்டிமார் ஆயத்தமாக இருந்தார்களே, அவர்களை யாரும் கேலி செய்யவில்லையே? உண்மை. குதிரில் தானியம், பரணில் வற்றலும் வடகமும், பானையில் புளி, முடிச்சில் விதை. வறண்ட பகுதிகளில் கேழ்வரகைக் குழியில் போட்டு மூடிவைத்தார்கள். அது பல ஆண்டுகள் கெடாமல் கிடந்ததற்குக் காரணம் உண்டு. மணி சிறிது, மேல்தோல் கெட்டி. பூச்சி உள்ளே முட்டையிட இடம் கிடைப்பதில்லை. மூடிய குழியில் தானியத்தின் மூச்சே பிராணவாயுவைத் தின்றுவிடுவதால் வண்டும் வாழாது. 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தை நேரில் கண்டவர்களின் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் யாரும் பாடம் எடுக்கவில்லை. பணத்துக்குச் சிறுவாடு இருந்தது. அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் பெண்கள் சேர்த்த அந்தக் காசு எத்தனை வீட்டைக் காப்பாற்றியிருக்கிறது என்பது 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு, ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்ற அறிவிப்பு வந்தபோது வீட்டு ஆண்கள் பலருக்கு முதன்முதலாகத் தெரிந்தது.

அந்தப் பழக்கம் தேய்ந்ததற்கு நல்ல காரணங்களும் உண்டு. தமிழ்நாட்டில் அட்டை வைத்திருக்கும் எல்லோருக்கும் ரேஷன் கிடைக்கிறது. மாதா மாதம் அரிசி வரும் என்ற உறுதி வந்தபின் குதிருக்கு வேலையில்லை. அது பெரிய சாதனை, குறைசொல்ல ஒன்றுமில்லை. கூலிக்குப் போகும் குடும்பம் சின்ன வீட்டில் வாழ்கிறது. மூட்டை அடுக்க இடமில்லை. இன்னொரு பக்கம், பஞ்சமும் போர்க்காலத் தட்டுப்பாடும் பதுக்கல் என்ற குற்றத்தை மக்கள் மனத்தில் ஆழப் பதித்தன. 1955இன் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் அதற்குத்தான் வந்தது. அதனால் இன்றும் ஒருவர் வீட்டில் இரண்டு மூட்டை அரிசி இருந்தால் ஊருக்கு முதலில் சந்தேகம்தான் வருகிறது. இந்தச் சந்தேகமும் ஆளைப் பார்த்துத்தான் வரும். வசதியுள்ளவர் இன்வெர்ட்டரும் கூடுதல் சிலிண்டரும் வைத்திருந்தால் அது வசதி. கூலிக்காரர் ஒரு வாரச் சாமான் வைத்திருந்தால் அது பேராசை. இது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை.

பதுக்கலுக்கும் ஆயத்தத்துக்கும் உள்ள வேறுபாடு வாங்கும் நேரத்தில் இருக்கிறது. 2020 மார்ச் 24ஆம் தேதி இரவு நாடடங்கு அறிவிப்பு வந்ததும் கடைகளில் கூடிய கூட்டத்தை எல்லோரும் பார்த்தோம். ஒரே நேரத்தில் எல்லோரும் கைநீட்டினால் கிடங்கில் சரக்கு இருந்தாலும் கடையில் இராது. அந்த நெரிசலில் தோற்பவர் அன்றாடங்காய்ச்சி. சாதாரண மாதத்தில் இரண்டு கிலோ கூடுதலாக வாங்கியவரால் யாருக்கும் தட்டுப்பாடு வராது. வியாபாரி அடுத்த வாரமே நிரப்பிவிடுவார். நெருக்கடி நாளில் அவர் வரிசையில் நிற்கப்போவதில்லை. அவருடைய இடம் இல்லாதவருக்குக் கிடைக்கும். ஆயத்தமானவர் சுயநலக்காரர் என்ற குற்றச்சாட்டு இந்த இடத்தில் விழுந்துவிடுகிறது.

மேற்கிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பிம்பமும் குழப்பத்தைக் கூட்டியிருக்கிறது. அமெரிக்காவில் நிலவறையும் துப்பாக்கியும் ஆண்டுக்கணக்கில் டின் உணவுமாக உலக முடிவுக்குக் காத்திருப்பவர்களைப் பற்றி 2012இல் தொலைக்காட்சித் தொடரே ஓடியது. அண்டை வீட்டாரை எதிரியாக நினைக்கும் ஆயத்தம் அது. ஆனால் சுவீடன் அரசு 2018இல், நெருக்கடி வந்தால் என்ன செய்வது என்ற கையேட்டை நாட்டின் 48 லட்சம் வீடுகளுக்கும் அனுப்பியது. 2024இல் புதுப்பித்து மறுபடியும் அனுப்பியது. ஜப்பானில் 1923இன் கான்டோ நிலநடுக்கம் நடந்த செப்டம்பர் 1ஆம் தேதியை ஆண்டுதோறும் பேரிடர்த் தடுப்பு நாளாக வைத்துப் பள்ளியிலும் அலுவலகத்திலும் ஒத்திகை நடத்துகிறார்கள். அங்கே வாசலில் அவசரப் பை வைத்திருப்பவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. எல்லார் வீட்டிலும் இருந்தால் சிரிக்க ஆள் ஏது?

நம் மலைக்கு வருவோம். 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணிக்கு மேலே காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்களும் கமாண்டோக்களும் வந்தது உண்மை. அவர்களுக்கு முன்பே டார்ச்சோடும் போர்வையோடும் சரிவில் ஏறி, காயம்பட்டவர்களைத் தூக்கிவந்தவர்கள் அந்த மலைக்கிராமத்து மக்கள். எங்கும் இதுதான் நடக்கிறது. 1995இல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தில் இடிபாட்டிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரைக் குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாருமே மீட்டார்கள். அரசு எவ்வளவு விரைந்தாலும் முதல் சில மணி நேரம் பக்கத்து வீட்டுக்காரருடையது.

பெட்டிமுடி இன்னும் கடுமையான பாடம். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி, ஆடி மாதத்து இரவு, மூணாறுக்கு அப்பால் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள்மீது மலை சரிந்தது. 70 பேர் போனார்கள். பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்தைச் சொந்த ஊராகக் கொண்ட தமிழர்கள். மின்சாரமும் கைபேசித் தொடர்பும் ஏற்கெனவே அற்றுப்போயிருந்ததால் வெளியுலகுக்குச் செய்தி எட்டியதே மறுநாள் காலையில்தான். இங்கே பரணில் அரிசி இருந்தும் பயனில்லை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சில ஆபத்துகளுக்கு வீட்டில் இருக்க ஆயத்தம் வேண்டும். சிலவற்றுக்கு வீட்டை விட்டுப் போக ஆயத்தம் வேண்டும்.

மலைச்சரிவில் பாறைமேல் தங்கியிருக்கும் மண், துகளோடு துகள் உரசும் பிடிப்பால்தான் நிற்கிறது. நாள்கணக்கில் மழை இறங்கும்போது துகள்களுக்கு இடையே உள்ள வெற்றிடங்களில் நீர் நிரம்புகிறது. நீரின் அழுத்தம் துகள்களை விலக்கத் தள்ளுகிறது, பிடிப்பு தளர்கிறது, நனைந்த மண்ணின் எடையும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் சரிவு முழுதாக நழுவுகிறது. பெரும்பாலும் அதற்கு முன் அடையாளம் காட்டும். தரையில் புதிய விரிசல், சாய்ந்துவரும் மின்கம்பம், நெருக்கிப் பிடிக்கும் கதவு, தெளிந்த ஊற்றில் திடீர்ச் சேறு. ஓடையில் மழைக்கு நடுவே நீர் சட்டென்று குறைந்தால் மேலே எங்கோ மண் அடைத்திருக்கிறது என்று பொருள், அது உடையும். இவற்றைக் கண்டதும் சாமான் எடுக்க நிற்காமல், ஓடைப் பாதையை விட்டு விலகிப் பக்கவாட்டு மேட்டுக்குப் போக வேண்டும். இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் நிலச்சரிவு முன்னறிவிப்பை டார்ஜிலிங்கோடு நீலகிரியிலும் 2020இல் சோதிக்கத் தொடங்கியது. அது ஏலமலைச் சரிவுகள் எல்லாவற்றுக்கும் விரிந்து வரவேண்டும். வந்தாலும் “கிளம்பு” என்று சொல்பவரைப் பார்த்துச் சிரிக்கும் ஊரில் அந்த அறிவிப்பு பாதிதான் வேலை செய்யும்.

வீட்டில் வேண்டியது அதிகமில்லை. குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்று மூன்று நாள் தண்ணீர். ஒரு வார அரிசி, பருப்பு, எண்ணெய். தனியாகப் பூட்டிவைக்காமல் பழையதை எடுத்துச் சமைத்துப் புதியதை அடியில் போட்டுக்கொண்டே வந்தால் கெடாது, கூடுதல் செலவும் முதல் மாதத்தோடு முடியும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் தீரும்வரை காத்திராமல் பத்து நாள் இருக்கும்போதே வாங்கிவிடுவது. மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடம் இதைச் சொல்லிவைக்கலாம். இன்சுலின் போடுபவர்கள் மின்வெட்டு நீண்டால், மருந்தை நனையாத உறையில் வைத்து ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைக்கலாம். காற்று உலர்ந்திருக்கும் நாள்களில் ஈரம் விரைந்து ஆவியாகி வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் உள்ளே வெளியைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். டார்ச்சும் பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோவும் வேண்டும். கைபேசிக் கோபுரம் செத்துப்போனாலும் கோடைப் பண்பலை வானொலி பேசிக்கொண்டிருக்கும். ரேஷன் அட்டை, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகத்தின் நகல்கள் ஒரு பிளாஸ்டிக் உறையில், வாசலருகே. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சான்றிதழ் இழந்தவர்களுக்கென்றே அரசு சென்னையில் சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டிவந்தது. ஜீப்பில் போகிறவரின் தோட்டத்தின் பெயர், ஓட்டுநரின் எண், உடன் போகும் ஒருவரின் எண் ஆகியவற்றைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் சுவரில் எழுதிவைக்க வேண்டும்.

ஒன்றைச் செய்துவிட்டு நிறுத்திவிடும் ஆபத்தும் உண்டு. ஒரு ஏற்பாடு செய்ததும் கவலை தணிந்து மனம் அடுத்ததை மறந்துவிடும் என்பதை எல்கே வெபர் என்ற ஆய்வாளர் விவசாயிகளிடமே கண்டிருக்கிறார். இன்வெர்ட்டர் வாங்கியவர் தண்ணீரை மறப்பது இப்படித்தான்.

தனி வீட்டு ஆயத்தத்தைவிடத் தெருவின் உறவு பெரிது. டேனியல் ஆல்ட்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரை ஊர்களை ஆராய்ந்தார். உள்ளே ஒற்றுமையும் வெளியே அரசு, தொண்டு நிறுவனங்களோடு தொடர்பும் உள்ள ஊர்கள் விரைவாக மீண்டன. அதே ஒற்றுமை தலித் மக்களையும் தனித்து வாழும் பெண்களையும் நிவாரணப் பட்டியலுக்கு வெளியே தள்ளியதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். ஆகவே ஊர்க்கூட்டத்தில் பேசினால் தலித் குடியிருப்பினரையும் கூப்பிட்டுத்தான் பேச வேண்டும். ஜீப்பில் ஏறுபவர்கள் எல்லாத் தெருக்களிலிருந்தும்தான் ஏறுகிறார்கள்.

புகை அறையில் ஒருவர் எழுந்தால் மற்றவர்களும் எழ வழி கிடைக்கும். வாங்கி வைத்ததை ஒளிக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டுங்கள், அவர் வீட்டு மருந்துக்கும் தேதி பாருங்கள். ராசிங்காபுரத்திலும் அதைச் சுற்றிய அடிவார ஊர்களிலும் ஐப்பசி மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவாகக் கூடி, யார் யார் மலைக்குப் போகிறார்கள், எந்த வீட்டில் நடக்க முடியாத பெரியவர் இருக்கிறார், மேடான இடம் எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநில அறையின் எண் 1070. இரண்டையும் அந்தத் தாளின் தலையில் எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள்.